நேரடியாக இறுதிப் போட்டிக்குப் போவது பரிசா, பாரமா? டெல்லி கெப்பிட்டல்ஸ் மகளிர் அணியின் மூன்று தோல்விகள்

உவர்மலை வாசகன் | 16 மார்ச் 2025, காலை 7.10

நேற்றிரவு மும்பை பிரபோர்ன் மைதானத்தில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் இறுதிப் போட்டியை எங்கள் வீட்டில் நால்வரும், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த ஒரே கைபேசியில் பார்த்தோம். கடைசி ஓவரில் டெல்லி கெப்பிட்டல்ஸ் அணிக்கு 14 ஓட்டங்கள் தேவைப்பட்டன; ஐந்துதான் கிடைத்தன. மும்பை இந்தியன்ஸ் 7 விக்கெட் இழப்புக்கு 149, டெல்லி 9 விக்கெட் இழப்புக்கு 141. ஜெமிமா ரொட்ரிகஸ் ஆட்டமிழந்தபோதே எழுந்து போன என் இளைய மகள், இதை நான் எழுதும் வரை வீட்டில் யாருடனும் பேசவில்லை.

தோல்வி எவருக்கும் வரும். ஆனால் மூன்று ஆண்டுகளாக ஒரே விதத்தில் வருகின்ற தோல்வியை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. 2023 இல் தொடங்கிய இந்த லீக்கில் ஐந்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆட்டங்கள். புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வரும் அணி நேரே இறுதிப் போட்டிக்குப் போகும். இரண்டாவதும் மூன்றாவதும் எலிமினேட்டரில் மோதி, அதில் வெல்வது எதிரணியாக வரும். மூன்று ஆண்டுகளும் முதலிடம் டெல்லிக்குத்தான். மூன்று ஆண்டுகளும் எலிமினேட்டர் வழியாக வந்த அணிதான் கிண்ணத்தைத் தூக்கியது: 2023 இல் மும்பை, 2024 இல் பெங்களூர், இப்போது மறுபடியும் மும்பை. இதில் இன்னொரு வேடிக்கை, மூன்று இறுதிப் போட்டிகளிலும் நாணயச் சுழற்சியில் வென்றவரும் டெல்லி அணித்தலைவி மெக் லெனிங்தான்.

இடைவெளிகளைப் பாருங்கள். 2023 இல் டெல்லியின் கடைசி லீக் ஆட்டம் மார்ச் 21, இறுதிப் போட்டி 26. 2024 இல் 13 ஆம் திகதியும் 17 ஆம் திகதியும். இம்முறை லக்னோவில் மார்ச் 7 அன்று குஜராத்திடம் தோற்றுவிட்டு, 15 ஆம் திகதி வரை ஓர் ஆட்டமும் இல்லாமல் இருந்தார்கள். அதே எட்டு நாள்களில் மும்பை 10, 11, 13 ஆகிய திகதிகளில் மூன்று ஆட்டங்களை ஆடி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வந்து நின்றது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? முதலிடத்துக்கான பரிசு என்று கொடுக்கப்படும் இந்த ஓய்வே அந்த அணியைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

எண்கணக்கன், உப்புவெளி | 16 மார்ச் 2025, காலை 8.32

காரணத்தோடுதான் மறுக்கிறேன், அண்ணா. சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் தோற்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மூன்று முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஒரு நாணயத்தை மூன்று தடவை சுண்டி மூன்று தடவையும் பூ விழுந்தால் நாணயத்தில் கோளாறு என்று யாரும் நகைக்கடைக்காரரிடம் கொண்டு ஓடுவதில்லை.

மூன்று ஆட்டங்களை மட்டும் வைத்து ஒரு விதியைக் கட்டுவதை விட, இதே ஏற்பாடு உள்ள மற்றத் தொடர்களையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம். இங்கிலாந்தின் த ஹன்ட்ரட் மகளிர் தொடரிலும் முதலிடம் பெறும் அணி நேரே இறுதிக்குப் போகிறது. 2021 இல் அப்படிப் போன சதர்ன் பிரேவ், 122 என்ற இலக்கைத் துரத்தி 73 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அன்று ஒன்பது ஓட்டங்கள் மட்டும் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்தவர், இன்று டெல்லிக்கு ஆடும் அதே மரிசான் கப்தான். இதுவரை உங்கள் பக்கம். ஆனால் 2022 இல் நேரே போன ஓவல் இன்வின்சிபிள்ஸ் வென்றது. 2023 இல் நேரே போன சதர்ன் பிரேவ் வென்றது. 2024 இல் நேரே போன வெல்ஷ் பயர் தோற்றது. நான்கில் இரண்டு. அவுஸ்திரேலியாவின் மகளிர் பிக் பாஷ் லீக்கில் 2022 இல் முதலிடம் பெற்ற சிட்னி சிக்ஸர்ஸ் தோற்றாலும், 2023 இல் அடிலெய்ட் ஸ்ட்ரைக்கர்ஸும் 2024 இல் மெல்பேர்ன் ரெனகேட்ஸும் முதலிடத்திலிருந்து நேரே போய்த்தான் வென்றன. காத்திருப்பு ஒரு நோயென்றால் அது எல்லோருக்கும் அல்லவா தொற்ற வேண்டும்?

இன்னொரு சிறு கணக்கு. நேரே போகும் அணிக்குக் கிண்ணத்துக்குத் தேவை ஒரு வெற்றி, மற்றவர்களுக்கு இரண்டு. அதாவது, இரண்டில் ஒன்று எதிர் நான்கில் ஒன்று. மார்ச் 11 அன்று மும்பை பெங்களூரிடம் தோற்றிராவிட்டால் அவர்கள்தான் முதலிடத்தோடு ஓய்வெடுத்திருப்பார்கள். அன்றைக்கு அந்த ஓய்வை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா?

சாம்பல்தீவு ஆசிரியை | 16 மார்ச் 2025, காலை 10.05

தம்பியின் கணக்கில் பிழை இல்லை. ஆயினும் காத்திருப்பு என்பது என்ன என்று காத்திருந்தவர்களிடமும் கேட்க வேண்டும். நான் உடற்கல்வி ஆசிரியை அல்ல. அவர் விடுப்பில் இருந்த காரணத்தால் ஒரு பருவம் எங்கள் மாணவிகளின் மென்பந்து அணியோடு போய்வரும் பொறுப்பு எனக்கு வந்தது. வலய மட்டப் போட்டி ஒன்றில் அணிகளின் எண்ணிக்கை பொருந்தாதபடியால் குலுக்கல் போட்டார்கள். எங்கள் சீட்டு நேரே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நானும், பொய் சொல்வானேன், பேருந்தில் போகும்போதே கிண்ணத்தை அலுமாரியில் எந்தத் தட்டில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

காலை எட்டு மணிக்கு மைதானத்தில் இறங்கினோம். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு புளியமரத்தின் கீழ் உட்கார்ந்து மற்றவர்களுடைய ஆட்டங்களைப் பார்த்தோம். பத்து மணிக்குத் தொடங்கும் என்றார்கள், பிறகு பன்னிரண்டு என்றார்கள். நேரம் தெரியாததால் பிள்ளைகளை ஓடவிடவும் பயம், சும்மா இருத்தவும் பயம். ஒரு மணிக்குச் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அதுதான் நான் செய்த பெரிய பிழை என்று இன்றும் நினைக்கிறேன். இரண்டரைக்கு அழைத்தார்கள். முதல் மூன்று ஓவரில் மூன்று பிடிகள் நழுவின. எங்கள் பக்கத்தில் இருவர் ஓட்டமெடுக்கையில் ஆட்டமிழந்தார்கள். “ரீச்சர், கால் எழும்பவில்லை” என்று அணித்தலைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எதிரணிப் பிள்ளைகள் அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு ஆட்டம் ஆடிக் களைத்திருந்தார்கள். ஆனால் பந்து எந்த வேகத்தில் எழும்புகிறது, எந்த மூலையில் நிலம் சரிவு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொழில்முறை அணிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு வலைப்பயிற்சியும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் உவர்மலையார் சொல்வதை முழுவதுமாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஓய்வுபெற்ற நடுவர், தம்பலகாமம் | 16 மார்ச் 2025, பிற்பகல் 1.48

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூன்று ஆட்டங்களையும் முழுமையாகப் பார்த்தவன் என்ற முறையில், ஓய்வு என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிப்பது ஆட்டத்துக்குச் செய்யும் அநியாயம் என்று தோன்றுகிறது.

இடைவெளி மிகவும் நீண்டது இந்த ஆண்டுதான். அப்படியென்றால் துருவும் இந்த ஆண்டுதான் அதிகமாகப் பிடித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? டெல்லி முதலில் பந்துவீசியது. எட்டு நாள் ஆட்டமே இல்லாத மரிசான் கப், தொடக்க வீராங்கனைகள் ஹெய்லி மெத்யூஸையும் யஸ்திகா பாட்டியாவையும் வரிசையாக அனுப்பினார். நான்கு ஓவரில் 11 ஓட்டங்கள், இரண்டு விக்கெட். நாற்பது ஓட்டங்களை அடித்ததும் அவர்தான். நேற்றைய ஆட்டத்தில் மிகக் குறைவாகத் துருப்பிடித்திருந்தவர் மிக நீண்ட ஓய்வெடுத்த அணியில்தான் இருந்தார். மும்பையைக் காப்பாற்றியது ஹர்மன்பிரீத் கவுர் 44 பந்துகளில் அடித்த 66. நெட் சிவர்-ப்ரண்டோடு அவர் சேர்த்த 89 ஓட்டங்களை எடுத்துவிட்டால் அந்த இன்னிங்ஸில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

2024 ஐப் பாருங்கள். டெல்லியின் சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். ஏழு ஓவரில் விக்கெட் இழப்பின்றி 64. ஷபாலி வர்மா சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தார். கால் எழும்பாத அணி அப்படி ஆடுமா? எட்டாவது ஓவரைப் பெங்களூரின் சோஃபி மொலினியூ வீச வந்தார். ஷபாலி 44 ஓட்டங்களோடு போனார். அதே ஓவரில் ஜெமிமாவும் அலிஸ் கப்ஸியும் ஓட்டமெதுவும் பெறாமல் போனார்கள். அதன் பிறகு ஷ்ரேயங்கா பாட்டில் 12 ஓட்டங்களுக்கு நான்கு, ஆஷா சோபனா 14 ஓட்டங்களுக்கு இரண்டு. 113 இல் கதை முடிந்தது. விழுந்த பத்தில் ஒன்பது சுழலுக்கு, ஒன்று ஓட்டமெடுக்கையில். இது ஓய்வின் பழி அல்ல. பந்து மெதுவாக வரும் ஆடுகளத்தில், மூன்று விக்கெட் போன பிறகும் ஒற்றை ஓட்டமாகச் சேர்த்து 135 வரை இழுத்துச் செல்ல நடுவரிசையில் ஆள் இல்லாத குறை. பெங்களூர் அந்த 114 என்ற இலக்கை அடையவே மூன்று பந்துகள் மீதமிருக்கும் வரை போக வேண்டியிருந்தது. இன்னும் இருபது ஓட்டங்கள் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

மிஞ்சுவது 2023. அதில் உவர்மலையாருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். மும்பையின் இஸ்ஸி வொங் வீசிய இடுப்பளவுப் பந்துகளில், தரையில் படாமல் வந்தவற்றில், ஷபாலி, கப்ஸி, ஜெமிமா என்று மூவர் பிடி கொடுத்தார்கள். ஷபாலி ஆட்டமிழந்த பந்து நோபோல் (செல்லாத பந்து) என்று அன்றைக்கு இங்கே கடைத்தெருவெல்லாம் வாக்குவாதம். துடுப்பாட்டக்காரர் கிறீஸில் நிமிர்ந்து நின்றால் பந்து இடுப்புக்கு மேலே போகுமா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. மூன்றாவது நடுவர் பார்த்துச் சரியான பந்து என்றார். 79 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கெட் போன பின், ஷிக்கா பாண்டேயும் ராதா யாதவும் ஆளுக்கு 27 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்று கடைசி விக்கெட்டுக்கு 52 சேர்த்து 131 ஆக்கினார்கள். மும்பை கடைசி ஓவர் வரை வந்தே, மூன்று பந்துகள் மீதமிருக்க வென்றது. கடைசி விக்கெட்டுக்கு நின்ற அந்த இருவருக்கும் அந்த ஓய்வு ஒன்றும் செய்யவில்லையே?

நிலாவெளி மாணவி | 16 மார்ச் 2025, பிற்பகல் 4.20

நடுவர் ஐயாவின் அலசலைப் படித்து நிறையக் கற்றுக்கொண்டேன், நன்றி. ஆனால் பெண்கள் ஆடும் கிரிக்கெட்டைப் பற்றிய இழையில், பெண்டாட்டியைக் கொண்டுபோன கதையை உவமையாக வைத்தது ஐயாவுக்கே பிறகு சிரிப்பாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு மாறி இரண்டு வருடங்கள் ஆகின்றன. பயிற்சி பெரும்பாலும் சீமெந்துத் தளத்தில் விரித்த பாயின்மேல்தான். துடுப்பாட்டக்காரியின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? பல நாள்கள் ஆடாமல் வந்தால் தடுமாற்றம் வருவது நல்ல நீளத்தில் விழும் பந்துக்கு. கால் முன்னே போவதா, பின்னே போவதா என்று முடிவெடுக்கப் பிந்தும். தரையில் படாமல் இடுப்புக்கு வரும் பந்தில் ஆட்டமிழப்பது தடுமாற்றத்தால் அல்ல, ஆசையால். அது நான்கு ஓட்டங்களைத் தட்டில் வைத்து நீட்டுவது போல வரும். எதிர்பார்த்ததை விட மெதுவாக வருவதால் மட்டையின் முகம் முன்கூட்டியே திரும்பிவிடும். எனக்கே நடந்திருக்கிறது, அதுவும் ஓய்வெடுக்காத நாளில். வொங் அதற்கு இரண்டு நாள்கள் முன்புதான் எலிமினேட்டரில் உத்தரப் பிரதேச அணிக்கு எதிராக அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்திருந்தார், அதுவே இந்த லீக்கின் முதல் ஹாட்ரிக். அந்தத் துணிச்சலோடு வந்திருந்தார் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆட்டம் ஆடி வந்ததன் நன்மை எதிரணிக்கு உண்டு. ஆனால் ஆடாமல் இருந்ததன் தீமை டெல்லிக்கு இருந்தது என்பது வேறு கூற்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

வேறு சில இடங்களில் “இவர்களுக்குப் பெரிய ஆட்டம் என்றால் நடுக்கம்” என்று எழுதுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் தலைவியாக ஐந்து உலகக் கிண்ணங்களைத் தூக்கியவர் லெனிங். அவற்றில் ஐந்தாவதைக் கேப் டவுனில் வென்றது 2023 பெப்ரவரி 26. மும்பையில் முதல் இறுதிப் போட்டியில் தோற்றது சரியாக ஒரு மாதம் கழித்து. ஒரு மாதத்தில் நடுக்கம் வந்துவிடுமா? 2023 தொடரில் 345 ஓட்டங்களோடு அதிக ஓட்டங்கள் எடுத்தவரும் அவர்தான். எனக்குப் படுவது, அணி அவர்மீதும் ஷபாலிமீதும் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறது. லீக்கில் எட்டு ஆட்டங்களில் ஐந்தில் இருவரில் ஒருவராவது நின்றுவிட்டால் முதலிடம் கிடைக்கும். ஒரே ஓர் ஆட்டத்தில் இருவரும் விரைவாகப் போய்விட்டால், நேற்றுப் போல, மீதிப் பேர் மலையைத் தூக்க வேண்டும்.

கிண்ணியா ரசிகன் | 16 மார்ச் 2025, இரவு 9.15

நோன்பு திறந்து, தொழுது முடித்த பிறகுதான் எழுத நேரம் கிடைத்தது. இறுதிப் போட்டியில் தோற்பதைப் பற்றி இலங்கையில் இருந்துகொண்டு இந்திய அணிகளை மட்டும் பேசுவானேன்? அந்தக் கலையில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆண்கள் அணி 2007, 2009, 2011, 2012 என்று நான்கு உலகக் கிண்ண இறுதிகளில் தோற்று, 2014 இல்தான் டாக்காவில் வென்றது. மகளிர் அணி, முதல் நான்கு ஆசியக் கிண்ணங்களிலும் இந்தியாவுக்குப் பின்னால் நின்றது. 2022 இல் சில்ஹெட்டில் நடந்த இறுதிப் போட்டியில் இருபது ஓவரில் எடுத்தது 9 விக்கெட் இழப்புக்கு 65. அன்றைக்கு அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில் ஓய்வு அதிகமென்று யாரும் சொல்லவில்லை.

2024 ஜூலை 28 அன்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு தம்புள்ளைக்குப் போனேன். கந்தளாய், ஹபரணை வழியாக ஏ6 வீதியில் பேருந்து. அதே வீதியில் இன்னும் போனால் நம் அணித்தலைவி சமரி அத்தபத்துவின் குருநாகல் வந்துவிடும். இந்தியா 165 எடுத்தது, ஸ்மிர்தி மந்தனா 60. நம்முடைய பக்கத்தில் விஷ்மி குணரத்ன ஒரே ஓட்டத்தோடு ஓட்டமெடுக்கையில் ஆட்டமிழந்தபோது, எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் மாத்தளை பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு சமரியும் ஹர்ஷிதா சமரவிக்ரமவும் 87 சேர்த்தார்கள். சமரி 61 இல் போனபோது அணியின் ஓட்டங்கள் 94. பன்னிரண்டு ஓவர் கழிந்திருந்தது. பழைய இலங்கை அணியென்றால் அந்த இடத்தில் எழுந்து வந்திருப்பேன். ஆனால் ஹர்ஷிதா நின்றார், கவிஷா டில்ஹாரி வந்து 16 பந்துகளில் 30 அடித்தார், எட்டு பந்துகள் மீதமிருக்க ஆட்டம் முடிந்தது.

நடுவர் ஐயா சொன்ன குறைக்கு மருந்து இதுதான் என்று நினைக்கிறேன். சமரி போன பிறகும் ஆட்டம் போகாமல் இருந்தது அன்றைக்குத்தான். இங்கே ஒரு பக்கக் குறிப்பு: அதே சமரியை 2023 மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் ஐந்து அணிகளில் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிக் பாஷில் மாற்று வீராங்கனையாகச் சிட்னி தண்டருக்குப் போய் 511 ஓட்டங்கள் எடுத்துத் தொடர் நாயகி ஆனார். உத்தரப் பிரதேச அணி அவரை அழைத்ததும் இன்னொருவருக்கு மாற்றாகத்தான்.

உவர்மலை வாசகன் | 17 மார்ச் 2025, காலை 6.55

மகள் நேற்று மாலை பேசினாள். “நிக்கி பிரசாத் 25 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றதை யாரும் பேசவில்லையே அப்பா” என்பதுதான் முதல் வாக்கியம். அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

எண்கணக்கனின் ஹன்ட்ரட் கணக்கையும் நடுவர் ஐயாவின் மரிசான் கப் கணக்கையும் படித்த பிறகு, ஓய்வே அணியைக் கெடுக்கிறது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பதினெட்டாவது ஓவரில் சிவர்-ப்ரண்ட் அடுத்தடுத்த பந்துகளில் கப்பையும் ஷிக்காவையும் எடுத்தாரே, அதற்கும் எட்டு நாள் ஓய்வுக்கும் முடிச்சுப் போட நான் நேற்றிரவு முழுவதும் முயன்றும் முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஆண்கள் ஐபிஎல்லில் முதல் இரண்டு இடங்களுக்கும் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. எட்டு ஆட்டங்களில் முதலாவதாக வந்த மகளிர் அணிக்கு மட்டும் ஏன் ஒரே இரவில் எல்லாம் முடிய வேண்டும்? அந்த ஏற்பாட்டை இங்கேயும் கொண்டுவந்தால் என்ன?

எண்கணக்கன், உப்புவெளி | 17 மார்ச் 2025, காலை 8.40

ஐபிஎல்லில் பத்து அணிகள்; நான்கு மேலே போகும், ஆறு வீட்டுக்குப் போகும். இங்கே இருப்பது ஐந்து. நான்கு அணிகளை மேலே அனுப்பினால், இருபது லீக் ஆட்டங்களும் ஒரே ஓர் அணியை வெளியேற்றுவதற்காக நடந்தவையாகிவிடும். மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு முதலிரண்டும் மோதி, தோற்றது மூன்றாவதோடு மோதி, பிறகு இறுதி என்று வைக்கலாம்; ஓர் ஆட்டம்தான் கூடும். அதில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போகும் என்பது குறை. அணிகள் கூடும்போதுதான் இந்தப் பேச்சுக்கு இடமிருக்கும்.

என்னைக் கேட்டால் பிக் பாஷைப் பின்பற்றலாம். அங்கே முதலிடம் பெறும் அணி தன் ஊரிலேயே இறுதிப் போட்டியை நடத்துகிறது. இங்கே மைதானத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள். அதனால் முதலிடம் பெற்ற டெல்லி இரண்டு தடவை மும்பையிலேயே மும்பையை எதிர்கொண்டது. 2024 இல் சொந்த ஊரிலும் தோற்றார்கள் என்று நடுவர் ஐயா உடனே குட்டுவார், தெரியும்.

ஓய்வுபெற்ற நடுவர், தம்பலகாமம் | 17 மார்ச் 2025, முற்பகல் 11.30

குட்டவில்லை, நீங்களே குட்டிக்கொண்டீர்கள். பழமொழிக்காக மாணவி எனக்கு வைத்த குட்டே இந்த வாரத்துக்குப் போதும், மகளே.

நாணயச் சுழற்சியைப் பற்றி உவர்மலையார் முதலில் எழுதியதை எல்லோரும் கடந்துவிட்டோம். முதல் இரண்டு இறுதிகளிலும் சுழற்சியில் வென்ற லெனிங் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தார், அணி எடுத்தது 131, 113. மூன்றாவதில் மாற்றி, களத்தடுப்பைத் தேர்ந்தார். அதில் பிழை காண மாட்டேன். 149 துரத்தக்கூடிய இலக்குத்தான். ஆனால் மூன்று ஆட்டங்களிலும் டெல்லி தடுக்கி விழுந்தது துடுப்பாட்டத்தில் மட்டுமே. பந்துவீச்சில் ஒருமுறையும் அல்ல. குறைந்த ஓட்டங்களை வைத்துக்கொண்டே இரண்டு முறை எதிரணியைக் கடைசி ஓவர் வரை இழுத்திருக்கிறார்கள்.

சாம்பல்தீவு ஆசிரியை | 17 மார்ச் 2025, இரவு 8.02

அப்படியென்றால் என் பிள்ளைகளின் கதை இந்த இழைக்குப் பொருந்தாத உதாரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் துடுப்பாட்டத்திலும் களத்தடுப்பிலும் சேர்த்தே விழுந்தார்கள். காரணம் ஓய்வு அல்ல, நேரம் தெரியாத காத்திருப்பு, அதற்கு மேல் சோற்றுப் பார்சல். டெல்லி அணிக்கு எந்த நாள், எத்தனை மணி என்று நான்கு நாள்களுக்கு முன்பே தெரியும்.

இந்தப் பருவமும் பெண்கள் அணிகள் ஐந்துதான் பதிவாகியிருக்கின்றன என்று இன்று சொன்னார்கள். குலுக்கலில் அந்தச் சீட்டு எங்களுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. முதல் ஆட்டம் நடக்கும்போதே மைதானத்தின் ஓரத்தில் பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பிடிபழக விடுவதென்றும், மதியத்துக்கு வாழைப்பழமும் இளநீரும் மட்டும் கொண்டுபோவதென்றும் உடற்கல்வி ஆசிரியரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். ஐந்தாம், ஆறாம் இடங்களில் ஆடும் பிள்ளைகளுக்குத் தனியாக வலைப்பயிற்சி கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. நிலாவெளித் தங்கச்சிக்கு வசதிப்பட்டால் ஒரு சனிக்கிழமை வந்து, அந்த இடுப்பளவுப் பந்தை எப்படி அடிப்பதென்று அவர்களுக்குக் காட்ட முடியுமா?

நிலாவெளி மாணவி | 17 மார்ச் 2025, இரவு 8.26

வருகிறேன் ரீச்சர். அடிக்காமல் விடுவதெப்படி என்பதையும் சேர்த்துக் காட்டுகிறேன். பாய் உங்களிடம் இருக்கிறதா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா?